புளியமுத்து முப்பத்தொன்று

பூந்துறைமங்கலத்தில் ஆவுடைநாயகம் பிள்ளை வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. 'காலேஜ் அண்ணாச்சி வீடு' என்றால் நாய்கூட வழிகாட்டும். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கல்லூரியில் அவர் தத்துவம் சொல்லிக்கொடுத்தார். தத்துவம் என்றால் என்ன என்று ஊரில் ஒருமுறை கேட்டார்கள். அவர் ஒரு மணி நேரம் விளக்கினார். அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

ஏழு வருஷமாக ஒரு புத்தகம் எழுதிவந்தார். 'குடியாட்சியும் ஒவ்வாத மனங்களும்' என்று பெயர் வைத்திருந்தார். நல்லவனும் கெட்டவனும் மோதிக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கு ஆயிரம் நூல் இருக்கிறது. இரண்டு பேருமே நல்லவர்கள், இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கிறது, ஆனாலும் ஒத்துப்போகவில்லை என்றால்? ஊரைக் கூட்டு, ஆளுக்கு ஒன்று என்று எண்ணு, கூடுதலான பக்கம் போ என்றார் அவர். தோற்றவன் ஏன் அதற்கு அடங்கவேண்டும் என்பதற்கு மட்டும் நூற்றெழுபது பக்கம்.

அத்தனை பக்கத்தையும் நல்லபிரதி எடுத்தவன் நான். பெயர் ஐயம்பெருமாள். ரிஜிஸ்தர் கச்சேரி வாசலில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். 'மேற்படி' போடாமல் எனக்கு நாலு வரி எழுத வராது. "மேற்படி நல்லவர்கள் மேற்படி விஷயத்தில் ஒவ்வாதபோது" என்று ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை. படித்துப் பார்த்துவிட்டு, "இதுவும் நல்லாத்தான்வே இருக்கு" என்றார். அவரிடம் அதுதான் சங்கடம். எதிராளி சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது என்று முதலில் அதைத்தான் தேடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூன்றாம் வருஷம் பங்குனி. மழை பொய்த்து, தாமிரபரணி கரையை விட்டுவிட்டு நடுமணலில் ஓர் ஓடையாகச் சுருண்டு கிடந்தது. குளிக்கப் போனவர்கள் படுத்துக்கொண்டு குளித்தார்கள். அந்த வெயிலில் உடன்குடிக் கருப்பட்டி வண்டிக்காரர் முகம்மது சுல்தான், மேற்கே அம்பாசமுத்திரம் வரைக்கும் போய்த் திரும்புகிறவர், பாதிச் சரக்கோடு வந்து நின்றார். விற்காமல் திரும்புகிற ஆளில்லை அவர்.

"என்ன சுல்தான், பாதி வண்டி அப்பிடியே கெடக்கு?" என்றார் அண்ணாச்சி.

"மேக்க நெலம சரியில்ல அண்ணாச்சி. வாந்திபேதி. ஒரே ஊர்ல முந்தாநா மட்டும் ஒம்பது மவுத்து. நான் மாட்டக்கூட அவுக்கல, அப்பிடியே திருப்பிட்டேன். செத்தவுக படுத்த கோரப்பாயையெல்லாம் ஆத்துல விடுதாவ. பாயி மெதந்து மெதந்து வருது, நம்ம வண்டிகூடவே வாற மாதிரி."

"தண்ணி எங்க குடிச்சீரு?"

"கெணத்துலதான். ஆத்துல கை நனைக்கல. நீங்களும் நனைக்காதீய."

மறுநாள் காலை மடை பார்க்கிற கொம்பையா வந்து வாசலுக்கு வெளியே நின்றான். "ஐயா, நம்ம மடையில மூணு பாய் சிக்கிக் கெடந்துச்சி. ஒண்ணுல சின்னப்பிள்ள சட்ட சுத்தியிருந்துச்சி."

"என்னலே செஞ்ச?"

"கம்பால தள்ளிக் கீழூருக்கு அனுப்பிட்டேன்."

மேலூர்க்காரன் நமக்குச் செய்ததைக் கீழூர்க்காரனுக்கு நாம் செய்தோம். இதைப்பற்றிப் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் உண்டா என்று கேட்க வாயெடுத்தேன். அண்ணாச்சி முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

அவர் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். உள்ளே அவர் மகள் சண்முகசுந்தரி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எட்டாம் மாதம், தலைப்பிரசவம். அவள் அம்மா பிரம்மநாயகி மைனி உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தாள். நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்ந்து மணத்தது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை முப்பிடாதி அம்மன் கொடைத் திருவிழாவுக்குக் கால் நாட்டவேண்டும். கால் என்பது ஒரு மூங்கில்; கோயிலுக்கு முன்னால் அதை நட்டுவிட்டால் எட்டாம் நாள் கொடை. அது முடிந்து மூன்றாம் நாள் கால் பிடுங்கும்வரைக்கும் ஊர்க்காரர் ஒருவரும் வெளியூரில் ராத்தங்கக்கூடாது. அதோடு கொடையன்று ஆற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் எடுத்துவந்து, புளியும் கருப்பட்டியும் கரைத்துப் பானக்காரம் செய்வார்கள். அம்மனுக்குப் படைத்ததும் முதல் செம்பு, ஊரில் தலைப்பிள்ளை சுமக்கிறவளுக்கு. அந்த வருஷம் ஊரில் தலைப்பிள்ளைக்காரி ஒருத்திதான் இருந்தாள்.

அன்று மத்தியானமே மைனியின் அண்ணன் ஞானசம்பந்தம் பிள்ளை வந்தார். கோயில் காரியங்களை முன்னின்று நடத்துகிற முறைகாரர் அவர்தான். ஆள் வாட்டசாட்டம், குரல் அதைவிட.

"மாப்ளே, கால் நாட்டுக்கு மூங்கில் வெட்டச் சொல்லிட்டேன்."

"வேண்டாம் மச்சான். ஆவணிக்குத் தள்ளிவைப்போம். மேக்க சாவு விழுது."

"சாவு விழுதுன்னுதான் நடத்தணும்ங்கேன்." ஞானசம்பந்தம் பிள்ளை உட்கார்ந்தார். "தொண்ணூத்தேழுல என்ன நடந்திச்சி? எங்கப்பா உம்ம மாதிரி யோசிச்சி, கொடை வேண்டாம்னு வச்சிட்டாரு. சீக்கு வந்த மறுநா ஊரே வண்டியப் பூட்டிக்கிட்டு ஓடிச்சி. சீக்காளியப் போட்டுட்டு ஓடுனானுவ மாப்ளே! பெத்த மகன் ஓடுனான். மொகம் பாக்க ஆளில்ல. நாயிதான் காவலு. கால் நட்டுட்டா ஓடமாட்டான். அம்மனுக்குப் பயந்தாவது பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கஞ்சி ஊத்துவான்."

எதிராளியின் நியாயம் அண்ணாச்சிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியும் அந்த முகம்.

"அது சரிதான். ஆனா சீக்கு வராமலே பாக்கலாமே. பச்சத்தண்ணியில இருக்கு அது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி."

"கண்ணுக்குத் தெரியாதத நீரு நம்புதீரு. நானும் கண்ணுக்குத் தெரியாதவளத்தான் நம்புதேன். இதுல உமக்கு மட்டும் என்னவே காலேஜு?"

"பானக்காரத்தக் காய்ச்சுன தண்ணியில கரைச்சா?"

"காய்ச்சுனா அதுக்குப் பேரு கசாயம். அம்மனுக்கு என்ன, காய்ச்சலா?"

உள்ளேயிருந்து மைனி சிரித்துவிட்டாள். பிறகு கரண்டியால் வேகமாகக் கிண்டுகிற சத்தம் கேட்டது.

"அப்ப ஊரக் கேப்போம்" என்றார் அண்ணாச்சி. "வீட்டுக்கு ஒண்ணு. நடத்தணும்னா நெல்லு, தள்ளிவைக்கணும்னா புளியமுத்து. யாரு எதப் போட்டான்னு யாருக்கும் தெரியாது. எது கூடுதலோ அது."

முறைகாரர் நினைத்தால் ஒரே வார்த்தையில் மறுத்திருக்கலாம். அவரும் நல்லவர். அதுதான் இந்தக் கதையின் கஷ்டம். "சரி. தோத்தவன் பொறவு வாயத் தெறக்கப்பிடாது" என்றார்.

"தெறக்கமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மன் கோயில் வாசலில் ஒரு ஈரவேட்டியைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் ஒரு மண்கலயத்தையும் ஒரு ஓலைப்பெட்டியையும் வைத்தார்கள். ஆளுக்கு ஒரு நெல், ஒரு புளியங்கொட்டை. வேண்டியது கலயத்தில், வேண்டாதது பெட்டியில். எங்கள் தெரு அறுபத்துநாலு வீடு. ஆண்கள் துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர்களைப் போல நின்றார்கள். ஒரு பெரியவர் திரைக்குப் பின்னால் போய் வெகுநேரம் வராததால் எட்டிப் பார்த்தோம். கலயத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

கொம்பையா தூரத்தில் நின்று கேட்டான். "ஐயா, பானக்காரம் எங்க தெருவுக்கும் உண்டு. புளியமுத்து கெடையாதா?"

அண்ணாச்சி தடுமாறினார். "அதுவும் எழுதணும்லே. அடுத்த அத்தியாயத்துல வரும்."

"சாவு அதுக்கு முன்னால வராம இருக்கணும்" என்றான் அவன். கேலியா, வேண்டுதலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

என் முறை வந்தது. திரைக்குப் பின்னால் வேட்டியின் ஈர வாடை. கையில் இரண்டு வித்து. அண்ணாச்சியின் புத்தகத்தில் ஒரு எழுத்து விடாமல் எழுதியவன் நான். பச்சைத் தண்ணீரில் பூச்சி என்பதை நம்புகிறவனும்கூட. ஆனால் தொண்ணூற்றேழில் ஊர் கைவிட்டு ஓடிய சீக்காளிகளில் ஒருவர் என் அப்பா. நான் அப்போது வேலை தேடித் தூத்துக்குடியில் இருந்தேன். திரும்பி வந்தபோது வீட்டுக்கதவு வெளியே நாதாங்கி போட்டிருந்தது. உள்ளிருந்து தட்டியிருக்கிறார். கதவின் உட்புறத்தில், ஒரு குழந்தை எட்டுகிற உயரத்தில், கைத்தடம் இருந்தது.

நெல்லைப் போட்டேன்.

எண்ணினார்கள். நெல் முப்பத்திரண்டு, புளியமுத்து முப்பத்தொன்று.

"ஒண்ணு கொறையுதே, அறுபத்துமூணுதான் இருக்கு" என்றார் ஞானசம்பந்தம் பிள்ளை.

"நான் போடல" என்றார் அண்ணாச்சி. "நடத்துதவன் ஒரு பக்கம் சாயக்கூடாது."

புத்தகத்தில் அது நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம். என் கையெழுத்துத்தான். முறைகாரர் தன் மைத்துனரை, மாடு பேசினதைக் கேட்டவர் மாதிரிப் பார்த்தார். ஜெயித்த சந்தோஷம்கூட அவர் முகத்தில் இல்லை.

அன்று அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் பிரதி எடுக்கப் போய், தாளை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். மைனி எதையோ இடித்துக்கொண்டிருந்தாள். உரலில் ஒன்றும் இல்லை என்று பிறகுதான் கவனித்தேன்.

"நாளைக்கு ஒரு நாள் இருக்கு" என்றாள் அவள். "கால் நாட்டுததுக்கு முன்னால பிள்ளைய வண்டியில ஏத்தி அவ மாமியா வீட்டுக்கு அனுப்பிருதேன்."

"தோத்தவன் மொத ஆளா மகள வெளியேத்துனா ஊரு என்ன நினைக்கும்? பொறவு ஒவ்வொருத்தனும் வண்டி பூட்டுவான். தொண்ணூத்தேழு திரும்ப வரும்."

"அப்ப தாசில்தாருக்கு ஒரு கடுதாசி போடுங்க. சீக்குக் காலத்துல கூட்டம் கூடாதுன்னு நிப்பாட்டிருவாவ. நீங்க எழுதுனா கேப்பாவ."

"போலீசு வந்து நிக்கும் பிரமு. எட்டாம் வருஷக் கலகத்துக்குப் பொறவு, நம்ம தலையிலயே வரி போட்டுத் தண்டப் போலீசு வந்து உக்காந்திருந்தத மறந்துட்டியா? ஊரக் கூட்டிக் கேட்டவனே சர்க்காரக் கூட்டிட்டு வந்துட்டான்னா, இனி இந்த ஊர்ல எவனும் எதுக்கும் கூடிப் பேசமாட்டான்."

"எம்மவ போயிட்டா எவன் கூடிப் பேசுனா எனக்கென்ன?" உலக்கையை அவள் சுவரில் சாத்தினாள். "அதையும் விடுங்க. கையில இருந்த ஒரு புளியமுத்தப் போடாம வந்தீயளே. அது என்ன கணக்கு? அத மட்டும் எனக்குச் சொல்லுங்க."

அண்ணாச்சி என் முன்னால் கிடந்த வெற்றுத் தாள்களை எடுத்து அடுக்கினார். வகுப்பில் நூறு பேருக்குச் சொல்கிறவர்.

சண்முகசுந்தரி களி உருண்டையைப் பைய உருட்டிக்கொண்டே கேட்டாள். "அப்பா, எங்கிட்ட நீங்க ஒண்ணும் கேக்கலியே."

"என்னம்மா?"

"நெல்லா புளியமுத்தான்னு. மொதச் செம்பு எனக்குத்தான?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீ எதைப் போட்டிருப்ப?"

"இப்பச் சொல்லி என்ன செய்ய? எண்ணித்தான் முடிச்சாச்சே" என்று உருண்டையை வாயில் போட்டுக்கொண்டாள்.

நான் விடைபெற்றுக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு நெல்லின் எடை என்ன என்று என்னைக் கேட்டால் அன்றைக்குச் சொல்லியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை கால் நட்டார்கள். அந்த எட்டு நாளும் காற்றே இல்லை. கொம்பையா தினமும் மடையிலிருந்து வந்து ஒரு எண்ணிக்கை சொல்வான். இன்னிக்கு நாலு பாய். இன்னிக்கு ஏழு. பிறகு ஒருநாள் ஒன்றும் வரவில்லை. அன்றைக்குத்தான் எல்லோரும் அதிகமாகப் பயந்தோம். அண்ணாச்சி வீடுவீடாகப் போய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். அதைச் சொல்வது வாய் திறப்பதில் சேருமா என்று ஞானசம்பந்தம் பிள்ளையிடமே போய்க் கேட்டார். "சொல்லும்வே, சொல்லும். யாரு வேண்டாங்கா" என்றார் அவர். பாதிப்பேர் காய்ச்சினார்கள். விறகு இருந்த பாதிப்பேர்.

கொடை நன்றாகத்தான் நடந்தது. வில்லுப்பாட்டு, மேளம், பெரிய உருளிகளில் பொங்கிய சோறு, கருப்பட்டியைத் தட்டுகிற சத்தம். இரண்டு தெருவிலும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டவர்களில் நானும் ஒருவன், இரண்டு தடவை. நல்ல வெயிலில் ஆற்றிலிருந்து பத்துக் குடம் வந்தது. பானக்காரம் கரைத்துப் படைத்தார்கள். சண்முகசுந்தரி பச்சைச் சேலை கட்டி முன்னால் நின்றாள்.

"ஒதட்டுல மட்டும் வச்சிட்டுக் குடுத்திருட்டி" என்று மைனி அவள் காதில் சொன்னது எனக்கே கேட்டது.

ஞானசம்பந்தம் பிள்ளை செம்பை நீட்டினார். அண்ணாச்சி கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். அவர் வலது கை இடுப்பளவுக்கு எழும்பியது, அங்கேயே நின்றது, இறங்கியது. முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் செம்பை அண்ணாந்து முழுக்கக் குடித்துவிட்டாள். குலவைச் சத்தம் எழும்பியது.

"ஏட்டி, என்ன செஞ்ச?" என்று மைனி அவள் கையைப் பிடித்தாள்.

"தண்ணி தவிச்சிச்சிம்மா. எல்லாரும் பாத்துக்கிட்டே நிக்காவ, நான் என்ன செய்ய?"

புதன்கிழமை கொம்பையா தெருவில் இரண்டு பேர் விழுந்தார்கள். அதில் ஒருவர் சாயங்காலத்துக்குள் முடிந்துபோனார். எங்கள் தெருவில் ஒருவர். பானக்காரமா, ஆற்றுத் தண்ணீரா, ஈயா, என்னவென்று யார் கண்டது. நானும் குடித்தேன், எனக்கு ஒன்றும் வரவில்லை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மைனி வாசலில் வந்து நின்று என் பெயரைக் கூப்பிட்டாள். அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது.

ஊர் ஓடவில்லை. இதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். மூங்கில் இன்னும் கோயில் வாசலில் நின்றது. ஒரு வண்டிகூடப் பூட்டவில்லை. எதிர் வீட்டிலிருந்து கஞ்சி வந்தது, அடுத்த வீட்டிலிருந்து பழந்துணி வந்தது. ஞானசம்பந்தம் பிள்ளை முதல் ஆளாக உள்ளே போனார். ஆறடி மனிதர், கோயில் முறைகாரர், மருமகளின் துணியைத் தன் கையால் அலசினார். கழிச்சலைச் சாம்பல் போட்டு அள்ளினார். ஒருதடவைகூட முகத்தைச் சுளிக்கவில்லை. அவர் சொன்னது அப்படியே நடந்தது. அண்ணாச்சி சொன்னதும் அப்படியே நடந்தது.

மத்தியானத்துக்குள் அவள் கண் உள்ளே போய்விட்டது. கைவிரல் தோல் சுருங்கி, வெகுநேரம் துவைத்தவள் கை மாதிரி ஆனது. வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு மைனி, "அசையுது, அசையுது" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"தண்ணி" என்றாள் சண்முகசுந்தரி.

யாரும் அசையவில்லை. பேதிக்காரருக்குத் தண்ணீர் கொடுத்தால் உயிர் அந்தத் தண்ணீரோடு போய்விடும் என்பது ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். காலையில் வந்து நாடி பார்த்த வைத்தியரும் அதையேதான் சொல்லிவிட்டுப் போனார்: நாக்கை ஈரத்துணியால் துடை, ஒரு மிடறு கொடுக்காதே.

அண்ணாச்சி அடுப்படியிலிருந்து ஒரு செம்போடு வந்தார். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், கொஞ்சம் உப்புப் போட்டது.

"மாப்ளே, என்ன செய்யுதீரு?" ஞானசம்பந்தம் பிள்ளை எழுந்து குறுக்கே நின்றார்.

"கேக்கா. குடுக்கப்போறேன்."

"கோட்டியா உமக்கு? கொன்னுராதீரும்வே."

"உடம்புல இருக்கிற தண்ணியெல்லாம் போகுது மச்சான். போறத நாமதான வைக்கணும்?"

"எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு?"

"எதுலயும் இல்ல. எனக்குத் தோணுது."

"தோணுதா!" அவர் வாசலைக் காட்டினார். தெருவே அங்கே நின்றது, நாற்பது பேருக்குக் குறையாமல். "நீருதான ஊரக் கேக்கணும்ம்பீரு? இன்னா நிக்காவ. நெல்லு புளியமுத்தெல்லாம் வேண்டாம். கையத் தூக்கச் சொல்லும். ஒருத்தன், ஒரே ஒருத்தன் குடுக்கலாம்னு சொல்லட்டும், நான் விலகிக்கிடுதேன்."

அண்ணாச்சி வாசலைப் பார்த்தார். எல்லோரும் அழுதுகொண்டு நின்றார்கள். அவள்மேல் ஆசையில்லாதவர் அதில் ஒருவரும் இல்லை. கொடுக்காதீங்க அண்ணாச்சி, கொடுக்காதீங்க என்று தலையை ஆட்டினார்கள். மைனியைப் பார்த்தார். அவளும் தலையை ஆட்டினாள். பழக்கம் மாறாமல் என்னையும் பார்த்தார். எனக்கு என்ன தெரியும்? வைத்தியர் சொன்னதுதான் எனக்கும் சரியென்று பட்டது. நானும் தலையை ஆட்டினேன்.

அவர் போய்க் கதவைச் சாத்தினார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

ஞானசம்பந்தம் பிள்ளை பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். அப்போது நான் ஏன் எழுந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் கூடாதென்று தலையாட்டியவன். ஞானசம்பந்தம் பிள்ளையின் கையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அவர் நினைத்திருந்தால் என்னை ஒரு உதறலில் சுவரில் ஒட்டியிருக்கலாம்.

"விட்டிரும். அவ கேக்கா" என்றேன்.

பிடி தளர்ந்தது.

அவள் குடித்தாள். ஒரு மிடறு, ஒரு மூச்சு, இன்னொரு மிடறு. பாதி கடைவாயில் வழிந்தது. அண்ணாச்சி புறங்கையால் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினார். செம்பு காலியானது.

அவள் கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள். "இன்னும்" என்றாள்.

அடுப்பில் அடுத்த பானைத் தண்ணீரை அப்போதுதான் வைத்திருந்தார்கள். ஈர விறகு, புகைந்துகொண்டு கிடந்தது. மூலையில் குடம் நிறையப் பச்சைத் தண்ணீர், வேர்த்துக் குளிர்ந்து நின்றது. மைனி அதைப் பார்த்தாள். அண்ணாச்சியும் பார்த்தார்.

"இன்னும்ப்பா."

ஞானசம்பந்தம் பிள்ளை யாரையும் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அத்தனை பெரிய உடம்பை மடக்கிக் குத்தவைத்து, ஊதுகுழலை எடுத்து, கண்ணில் புகை புகப் புக, ஊத ஆரம்பித்தார்.